பத்திரத்தின் ஓரத்தில் நாலு வரி

அலோ... ஆங், சொல்லுங்க ஜானகிராமன் அண்ணே... மேனகாதான்... கேக்குது, கேக்குது... வேற யாரு எடுப்பா, என் போனுதானே... சொல்லுங்க.

...முடிச்சிட்டேனாவா? முக்கால்வாசி முடிச்சிட்டேன்... அண்ணே, பிரெஞ்சுப் பத்திரத்தத் தமிழாக்கறது என்னா இடியாப்பம் புழியறதா, அமுக்குன உடனே வந்து விழ?... சிரிக்காதீங்க.

எங்க நிக்கறீங்க? ஒரே ஹார்ன் சத்தமா இருக்கு... முத்தியால்பேட்டையா... பொண்ணு வீட்டு வாசல்லயா!... உள்ள கேசரி, பஜ்ஜியா... நாளைக்கித் தட்டு மாத்தறதுக்கு உங்களுக்கு இன்னிக்கே பந்தியா? புரோக்கர்னா இப்படித்தாண்ணே இருக்கணும்... சரி, சரி, புரோக்கர்னு சொல்லல. கல்யாண அமைப்பாளர். போதுமா?

...ஒரு நிமிஷம், அடுப்புல மீன் கொழம்பு பொங்குது. லைன்லயே இருங்க...

...ம், வந்துட்டேன். சொல்லுங்க... இருசப்பன் ஐயா கேக்கறாரா?... மாப்ளயோட பொறந்த பத்திரத்தத் தமிழ்ல படிச்சாத்தான் தட்டத் தொடுவேன்னுட்டாரா... நல்ல மனுஷன். மில்லுல இருந்தவரு இல்ல? யூனியன் நோட்டீச நாலு வாட்டி படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பாரு... இல்லண்ணே, பொண்ணப் பெத்தவரு கேக்கறதுல என்னா தப்பு? மாப்ள பிரான்சுல இருக்கான்னு சொன்னதும் பாதிப் பேரு பேப்பரயே பாக்கறதில்ல. மண்டபத்தத்தான் பாக்கறாங்க.

...ஆமா... ஆமா... விக்ரம் பேரு, பொறந்த தேதி, ஊரு, அப்பா பிரெஞ்சு ராணுவத்துல சொல்தா, அதான் சிப்பாயி, அம்மா பேரு, எல்லாம் போட்டுட்டேன். ஓரத்துல நாலு வரி இருக்கு. அதுதான் பாக்கி.

...என்னாது?... இன்னொரு வாட்டி சொல்லுங்க... விட்டுடவா? யாரு சொன்னது?... மாப்ளயோட அம்மாவா... கிளார்க்கு எழுதி வெச்ச குறிப்பாமா... ஓகோ... ஓகோ... என்னா, என்னா? அந்த ஓரத்த மடிச்சு வெச்சு ஜெராக்ஸ் எடுத்துத்தான் என்கிட்ட குடுக்கச் சொன்னாங்களா!... நீங்க, ஜெராக்ஸ்ல எழுத்து மங்கலா விழுமே, மேனகாவுக்குக் கண்ணு வலிக்குமேன்னு ஒரிஜினலயே கொண்டாந்து குடுத்துட்டீங்க... ஐயோ அண்ணே!... திட்டலண்ணே, சத்தியமா திட்டல. உங்க நல்ல மனசுக்கு அந்த அம்மா இந்நேரம் தலையில அடிச்சிக்கிட்டு இருப்பாங்க.

...இல்லண்ணே. முடியாது... ஒரு வரி கூட முடியாது... எனக்கு என்னா கோவம், எனக்கும் விக்ரமுக்கும் என்னா வரப்புத் தகராறா? கீழ நான் என்னா எழுதறேன் தெரியுமா? 'மூலத்தில் உள்ளதை எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல் மொழிபெயர்த்திருக்கிறேன்.' அதுக்குக் கீழ கையெழுத்து, பக்கத்துல முத்திரை. இருபத்திரண்டு வருஷமா போடறேன். நாலு வரிய முழுங்கிட்டு அதப் போட்டா, அதுக்குப் பேரு மொழிபெயர்ப்பு இல்ல, பொய்ப் பத்திரம்.

...சென்ட் பாட்டிலா? பாரிஸ்லேர்ந்தா?... அண்ணே, எனக்கு சென்ட் வாசன பட்டாலே பத்துத் தும்மல் வரும்... சொந்தமா? நீங்களும் நானுமா? எப்படி?... உங்க சகலையோட தங்கச்சிய எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா பையனுக்கு... அட போங்கண்ணே! அப்படிப் பாத்தா எங்க சாரம் ஏரியாவுல மாடு கண்ணு கூட எனக்குச் சொந்தந்தான்.

...வேற ஆளு கிட்டயா? தாராளமா. பத்திரத்த வந்து வாங்கிட்டுப் போங்க, உங்களுக்கு ஒரு கிண்ணம் கொழம்பும் தர்றேன். முத்திரை மட்டும் கேக்காதீங்க.

...ம்?... என்னாதான் எழுதியிருக்குன்னா?... யோசிச்சுக் கேளுங்க... சொல்லலாம், சொல்லலாம். வேலையக் கொண்டாந்து குடுத்தது நீங்க, உங்ககிட்ட சொல்லலாம். வேற யாருகிட்டயும் நான் வாயத் தொறக்கக் கூடாது. இருசப்பன் ஐயாவே வந்து என் வாசல்ல நின்னாலும் சொல்லக் கூடாது. அது தொழில் தர்மம்... ஆனா கேட்டுட்டா அப்புறம் கேக்காத மாதிரி இருக்க முடியாது. அதான் சொல்றேன்... கேக்கறீங்களா?... சரி. ரோட்டு நடுவுல நிக்காம ஓரமா நில்லுங்க.

பிரான்சுல பொறந்த பத்திரம் நம்ம ஊரு மாதிரி ஒரு தடவ எழுதுனதோட முடியாதுண்ணே. ஆளு வளர வளர அதுவும் வளரும். கல்யாணம் கட்டுனா அங்க மேரில, அதான் முனிசிபாலிட்டியில, அந்தப் பத்திரத்து ஓரத்துல எழுதிடுவாங்க. அத்துக்கிட்டா அதயும் அதே ஓரத்துல எழுதுவாங்க... ஆமா... ஆமா... அந்த ஓரம்தான்.

இதுல என்னா இருக்குன்னா, ரெண்டாயிரத்துப் பதினேழு, செப்டம்பர் மாசம், கல்யாணம். பொண்ணு பேரு போட்டிருக்கு, ஊரு பேரு போட்டிருக்கு. அவ்ளோதான்.

...கத்தாதீங்கண்ணே, உள்ள பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் கேக்கும்.

...இல்ல, அத்துக்கிட்டதா ஒண்ணும் எழுதல. மூணு வாட்டி பாத்தேன், கண்ணாடியத் தொடச்சிட்டு ஒரு வாட்டி பாத்தேன்... பழசா? இல்லண்ணே, நீங்க குடுத்த ஒரிஜினலே போன மாசம் மேரில முத்திரை போட்டு வாங்குனதுதான். தேதி இருக்கு... கேஸ் நடக்குதோ, பேசி முடிச்சிட்டாங்களோ, எனக்குத் தெரியாது. அத அந்த விக்ரம்தான் சொல்லணும். பேப்பர் பிரகாரம் அவன் இன்னிக்கிக் கல்யாணமான ஆளு.

...நம்பறேன்... உங்களுக்குத் தெரியாதுன்னு நம்பறேண்ணே. தெரிஞ்சிருந்தா ஒரிஜினலத் தூக்கிட்டு வருவீங்களா?... அழாதீங்க. அந்தப் பொண்ணு, சங்கவி, இப்ப என்னா பண்ணுது? லாஸ்பேட்டையில ஸ்கூல் டீச்சர்னீங்களே... வேலைய விட்டுடுச்சா?... எப்ப?... போன வெள்ளிக்கிழமதான் எழுதிக் குடுத்துச்சா... அடப் பாவமே.

...அதெப்படி? ஒண்ணும் சொல்லாம எப்படி விடறது?... உங்க பேரு கெட்டுடுமா? எத்தினி கல்யாணம்?... நாப்பத்தியாறா... சரி, நாப்பத்தியாறு வீட்டுல உங்களுக்கு நல்ல பேருதான். இந்த வீட்டுல 'நல்ல எடம்'னு சொன்னது யாரு? நான் பேப்பருக்குப் பொறுப்பு, நீங்க அந்த வார்த்தைக்குப் பொறுப்பு. என் வாய்க்குப் பூட்டு இருக்கு. உங்களுக்கு ஒரு பூட்டும் கெடையாது.

...ஆமாண்ணே, சட்டப்படிதான் சொல்றேன். மொத பொண்டாட்டி இருக்க ரெண்டாவது கட்டுனா, இங்கயும் அது செல்லாது, அங்கயும் செல்லாது. நாளைக்கி கேஸுன்னு வந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நேத்து வரைக்கும் நீங்க சொல்லியிருக்கலாம். இப்ப மணி பதினொண்ணு இருபது. இனிமே சொல்ல முடியாது... நான் எதுக்குச் சொன்னேன்னா? நீங்க கேட்டீங்க, சொன்னேன்!

...அது என்னா சத்தம்? வண்டிய ஸ்டார்ட் பண்றீங்களா?... எங்க கெளம்பறீங்க?... திண்டிவனமா? இப்ப திண்டிவனத்துல உங்களுக்கு என்னா?... அண்ணே, ஓடாதீங்க. அண்ணே!

...யாரு பேசறது பக்கத்துல?... சங்கவியா... காபி கொண்டாந்திருக்கா... உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு கேக்குதா? நல்லாக் கேக்கட்டும்... இல்ல, இல்ல, போன அதுகிட்ட குடுக்காதீங்க. நான் பேசக் கூடாதுண்ணே. குடுக்காதீங்க... அண்ணே, சொன்னாக் கேளுங்க...

...அலோ... ஆங், சங்கவியா... நல்லா இருக்கேம்மா, நீ நல்லா இருக்கியா?... ஆமா, மேனகா அக்காதான்... தேங்க்ஸ் எல்லாம் எதுக்கும்மா... ம்... ம்... பிரெஞ்சு கிளாஸ் போறியா? ரொம்ப நல்லது. என்னா ஆனாலும் அத மட்டும் விட்டுடாத... சும்மாதான் சொன்னேன், படிச்சது வீணாப் போவாது.

...இல்லம்மா, பத்திரம் இன்னும் முடியல... அதுல என்னா இருக்குன்னு நான் சொல்லக் கூடாதும்மா. என்னை நம்பித்தான நாளைக்கி நீயும் ஒரு பேப்பர் குடுப்ப? அதான்... அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேர்க்குது, அவ்ளோதான்.

கேளும்மா. அந்தக் காபிய மொதல்ல அவரு கையில குடு. அப்பாவக் கூப்புடு. மூணு பேரும் உள்ள போயி உக்காருங்க. ஜானகிராமன் அண்ணன் உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்... ஆமா... ஆமாம்மா, எனக்குத் தெரியும். என்கிட்ட கேக்காத, சொல்ல வேண்டியவரு அவருதான்... பயப்படாத. கேட்டுட்டு, நீயும் அப்பாவும் யோசிங்க. தட்டு நாளைக்கித்தான, இன்னிக்கி முழுசும் இருக்கு.

...ம்... இன்னொண்ணும்மா. அவரு சொல்லி முடிக்கற வரைக்கும் வண்டிச் சாவி உன் கையில இருக்கட்டும்.

...வாங்கிட்டியா?... சரிம்மா, வெச்சிடறேன்.