வாறன், அப்பப்பா

இரவு பதினொன்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. லவாலிலிருந்து மொன்றியலுக்குள் இறங்கும் நெடுஞ்சாலை. எந்த நேரமும் லொறிகள் ஓயாத பாதை. அன்றைக்கு... ஒரு ஈ காக்கை இல்லை. மின்கம்பங்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. வானத்திலிருந்து விழுந்தது மழைதான். ஆனால் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது.

அந்தப் பாதையில் ஒரேயொரு கார். ஓட்டிக்கொண்டிருந்தவன் அன்டன். பின் இருக்கையில் ஆறு வயது மகள் ஜெயனி, நல்ல தூக்கத்தில்.

"மாக்கிரட் அக்கா, ஒரு நிமிசம்," இருட்டுக்குள்ளிருந்து பிரசாந்தின் குரல் குறுக்கிட்டது. "பேய் வரேக்கை முன்கூட்டியே சொல்லிப்போடுங்கோ. நான் பாத்றூமுக்குப் போட்டு வந்திடுறன்."

"உன்னைக் கண்டா பேய்தான் பாத்றூமுக்கு ஓடும். வாயை மூடு," என்றாள் புஷ்பவதி.

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாம் மாடி வீடு. பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தபோது புயற்காற்று கரண்டைக் கொண்டுபோய்விட்டது. ஒரே போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு மூன்று பேர். ஜன்னல் சட்டம் கடகடவென்று ஆடியது.

"இது என்னோடை வேலை செய்யிற நிரஞ்சனியின்ரை மனுசனுக்கு நடந்தது," என்றாள் மாக்கிரட். "நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அந்தாளுக்குத் தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள் அண்டைக்கு..."

அன்று லவாலில், அன்டனின் அக்கா வீட்டில் சாப்பாடு. பூசை முடிந்து, சொந்தக்காரர் எல்லாம் கூடி, தகப்பன் யோசெப் ஐயாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சிரித்தார்கள், அழுதார்கள். அன்டன் பருப்பும் சோறும் சாப்பிட்டான். உப்பு இருந்ததா, இல்லையா... தெரியவில்லை.

அப்பா இறந்ததிலிருந்து அவன் அப்படித்தான். அழவில்லை. சவப்பெட்டி தெரிவு செய்தான், ஃபாதரோடு கதைத்தான், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தான். உள்ளே ஏதாவது நோகிறதா என்று தேடியும் பார்த்தான். பல் பிடுங்கும்போது ஊசி போட்ட கன்னம் மாதிரி... இருந்தது, ஆனால் இல்லை.

யோசெப் ஐயா அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கி ஏற்றியே பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பேஸ்போல். பெட்டி இறக்கும்போது வானொலியில் நேர்முக வருணனை கேட்டுத்தான் பிரெஞ்சே படித்தார். பிடித்த ஆட்டங்களைக் கசட்டில் பதிந்தும் வைத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பெரிய பனிமழை. ஊரே இருட்டு. வீடு ஐஸ்பெட்டி. அன்டன் அப்போது சின்னப் பையன். அப்பா அவனைக் காருக்குள் கூட்டிக்கொண்டு போய், ஹீற்றரைப் போட்டு, கசட்டைத் தள்ளினார். கோடைகாலத்து ஆட்டம். பிரெஞ்சில் ஒருவன் கத்தினான். அப்பா மெல்லிய குரலில் அவனுக்குத் தமிழில் சொன்னார். "பந்து போகுது... போகுது... வேலிக்கு அங்காலை!"

அவன் வாழ்நாளில் அப்பா அவனோடு அவ்வளவு கதைத்தது அந்த இரவுகளில்தான்.

"சரி, தகப்பன் நல்ல மனுசன். பேந்தேன் பேயா வாறார்?" என்றான் பிரசாந்.

"அதைத்தானே சொல்ல வாறன்," என்றாள் மாக்கிரட்.

ஜெயனிக்குத் தமிழ் வராது. வீட்டிலும் பிரெஞ்சுதான். ஆனால் ஒரு வசனம் மட்டும் அப்பப்பா அவளுக்குப் பழக்கி வைத்திருந்தார். அவர் வீட்டிலிருந்து அவள் புறப்படும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்ல வேண்டும்: "வாறன், அப்பப்பா." அவர் தலையாட்டுவார்: "ஓம், வா." போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்கிற நம்முடைய வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு அது இன்னொரு பை-பை. அவ்வளவுதான்.

இறுதிச்சடங்கு நடந்த மலர்ச்சாலையில், பெட்டி மூடுகிற நேரம். நிரஞ்சனி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளை நல்ல பிள்ளையாக, மணிக்குரலில் சொன்னது.

"வாறன், அப்பப்பா."

"ஐயோ..." புஷ்பவதி போர்வையை இழுத்துப் பிடித்தாள். "செத்தவீட்டிலையோ? அங்கை ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுறதே! பேசாமல் எழும்பி வந்திட வேணும்."

அங்கேயும் எல்லாருக்கும் முகம் வெளிறிப் போயிற்று. சீதேவி மாமிதான் அன்டனின் கையைப் பிடித்தார். "தம்பி, பிள்ளையைக் கொண்டு இப்பவே மாத்திச் சொல்லுவி. வரமாட்டன் எண்டு சொல்லச் சொல்லு. பெட்டி மூட முதல் சொல்லச் சொல்லு."

அன்டன் மாமியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். "அதொண்டுமில்லை மாமி. விடுங்கோ," என்றான்.

மூடி விழுந்தது. டப்.

இப்போது, அந்தப் பாதை. வானொலியில் செய்தி. எத்தனையோ ஆயிரம் வீடுகளில் மின்சாரம் இல்லையாம். எங்கேயோ யுத்தமாம், எங்கேயோ தேர்தலாம். அன்டன் கேட்டுக்கொண்டே ஓட்டினான். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. கண்ணாடி துடைப்பான் மட்டும் கிரக்... கிரக்... என்று ஐஸைச் சுரண்டியது.

பாலம் வந்தது. கீழே ஆறு, கறுப்பாக.

பாலத்தின் நடுவில் செய்தி நின்றது. ஒரு கரகரப்பு. பிறகு... பெரிய ஆரவாரம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கைதட்டுகிற ஓசை. பிரெஞ்சில் ஒரு குரல் உற்சாகமாக வருணித்தது. பேஸ்போல். மொன்றியல் அணியின் ஆட்டம்.

மொன்றியலுக்கு அணியே இல்லை. ஊரை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது.

அன்டன் வானொலியை அணைத்தான். அதன் விளக்கு அணைந்தது. சத்தம் அணையவில்லை.

பிறகு மணம். கோடாலித் தைலமும், நனைந்த காட்போட் பெட்டியும். அப்பாவின் மேற்சட்டை மணம். அது முன்னால் இருந்து வரவில்லை. பின் இருக்கையிலிருந்து வந்தது.

வருணனைக்கு அடியில் இன்னொரு குரல். மெல்லிய குரல். தமிழ்க் குரல்.

"பந்து போகுது... போகுது..."

அன்டன் பின்னோக்கும் கண்ணாடியைப் பார்த்தான். ஜெயனி விழித்திருந்தாள். பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஒரு வசனத்துக்கு மேல் தமிழ் தெரியாத பிள்ளை.

"ஓம் அப்பப்பா. கொஞ்சம் பொறுங்கோ. இந்த பெல்ற்றைக் கழட்டத் தெரியேல்லை."

அன்டனின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கார் ஒருமுறை சுழன்று, பாலத்தின் ஓரக் கம்பியில் உரசி, நின்றது. எஞ்சினும் நின்றது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

கிளிக்.

பெல்ற் கழன்றுவிட்டது.

"ஜெயனி! இருந்த இடத்திலை இரு!" அவன் திரும்பி அவள் கையைப் பிடித்தான். கை சூடாக இருந்தது. பின் கதவின் பிடி மேலே போனது, கீழே வந்தது. டக்... டக்... அவள் தொடவில்லை. வெளியே ஒருவரும் இல்லை. கதவுக்கு அப்பால் கம்பி. கம்பிக்கு அப்பால் வெறும் காற்று. அதற்குக் கீழே ஆறு.

"விடுங்கோ பப்பா," என்றாள் ஜெயனி அமைதியாக. "அப்பப்பா நெடுகப் பாத்துக்கொண்டு நிக்கிறார். நான் வாறன் எண்டு சொன்னனான்தானே?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"அப்பா," என்றான். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் இருட்டைப் பார்த்துச் சொன்னான். "அப்பா, அவளுக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் பழக்கினதைத்தான் சொன்னவள். அவள் நினைச்சுச் சொன்னது அது இல்லை."

டக்... டக்...

"அவள் சின்னப் பிள்ளை அப்பா."

டக். பூட்டுக் குமிழ் மேலே எழும்பியது. ஜெயனியின் கை அவன் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று, யாரோ மறுபக்கம் இழுப்பது போல. கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. குளிர் உள்ளே பாய்ந்தது.

"விடுங்கோ அவளை!" அன்டன் கத்தினான். "ஆரும் வரவேணும் எண்டால்... நான் வாறன்!"

ஆரவாரம் பட்டென்று நின்றது. கதவு மெதுவாக, மிக மரியாதையாக, தானே மூடிக்கொண்டது.

அந்த அமைதிக்குள், அவன் காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், ஒரு குரல்.

"ஓம். வா."

மணம் போய்விட்டது. வானொலி விளக்கு எரிந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளின் தொகை இன்னும் கூடிவிட்டதாம். அன்டன் திறப்பைத் திருகினான். எஞ்சின் உடனே பிடித்தது. ஜெயனி பெல்ற்றுக்குள் இருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாக்கிரட் நிறுத்தினாள்.

"பேந்து?" என்றான் பிரசாந். குரல் சின்னதாகியிருந்தது.

பேந்து என்ன. வீடு வந்தார்கள். பாலத்தைத் தாண்டும்போதே மழை விட்டுவிட்டது. அவர்கள் தெருவில் கார் நிற்கும்போது வானத்தில் நட்சத்திரம். அன்டன் கதவைத் திறந்து இறங்கினான், பிள்ளையைத் தோளில் போட்டான், படியேறினான், படுக்கையில் கிடத்தினான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை தப்பிவிட்டாள். சந்தோஷம் வரவேண்டும். காத்திருந்தான். வரவில்லை.

காலையில் நிரஞ்சனி இரவு வேலை முடிந்து வந்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அன்டன் ஒரே மடக்கில் குடித்தான்.

"இஞ்சேருங்கோ, கொதிக்கக் கொதிக்க... வாய் வேகேல்லையே?"

"சூடு தெரியேல்லை."

ஜெயனி எழுந்து வந்து, பிரெஞ்சில் பசிக்கிறது என்றாள். பிரெஞ்சில் மட்டும். பள்ளிக்கூடம் இல்லை என்று தெரிந்ததும் துள்ளினாள். நிரஞ்சனி சிரித்தபடி சப்பாத்தைக் கழற்றினாள்.

"அதுசரி, இரவு பஸ்ஸிலையோ வந்தனீங்கள்? ஆர் கொண்டுவந்து விட்டது?"

"ஏன்? காரிலைதான்."

"கதையை விடுங்கோ. காரைப் போய்ப் பாருங்கோ. கதவு திறந்த கார் மாதிரியே கிடக்கு?"

அன்டன் கீழே போனான். ஜெயனியும் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். வெளியே வெயில். ஆனால் மூக்கை அறுக்கிற குளிர். ஒவ்வொரு மரமும் கண்ணாடிக் கொத்தாக மின்னியது.

கார் வாசலில் நின்றது. கூரையிலிருந்து சில்லு வரைக்கும் ஒரே வார்ப்பாக ஐஸ். கதவு இடுக்கு, கதவுப் பிடி, முன் கண்ணாடி... எங்கும் ஒரு வெடிப்பு இல்லை. மழை விட்ட பிறகுதான் அவன் அந்தக் கதவைத் திறந்து இறங்கினான். திறந்த கதவில் ஐஸ் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. ஒருவரும் அதிலிருந்து இறங்கவில்லை என்பது போல.

பின்பக்கத்தை நோக்கிப் போனான். அங்கே மட்டும், ஜெயனி இருந்த பக்கத்துக் கதவைச் சுற்றி, ஐஸ் சுத்தமாக வெடித்து உதிர்ந்திருந்தது. ஒரு பிள்ளை இறங்கும் அளவுக்கு.

முன் இருக்கைப் பக்கம் வந்தான். ஐஸுக்குப் பின்னால் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. பனியல்ல. உள்பக்கமாக, மூச்சுப் படிந்த வெள்ளை.

கிறீச்... கிறீச்...

உள்ளேயிருந்து யாரோ விரலால் கண்ணாடியைத் துடைத்தார்கள். மெதுவாக. அலுத்துப்போனவர் துடைப்பது போல. உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் தெளிந்தது.

"பப்பா," ஜெயனி பிரெஞ்சில் கேட்டாள், "உள்ளுக்கு ஆர்?"

அவள் கேட்டபோது அவள் வாயிலிருந்து வெள்ளையாய்ப் புகை எழும்பி வெயிலில் கரைந்தது. அன்டன் அதைப் பார்த்தான். பிறகு தன் வாயைத் திறந்து, நெஞ்சு காலியாகும்வரை மூச்சை விட்டுப் பார்த்தான்.

ஒன்றும் வரவில்லை.