மால்டாவுக்குக் கொழுந்தெடுக்க

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மகளை மால்டாவுக்குக் கொழுந்தெடுக்க அனுப்புறேன் அக்கா. பாஸ்போர்ட்டை ஏஜென்சிக்காரர்கிட்ட குடுக்கத்தான் போறேன்,” என்றாள் இளையவள்.

மால்டாவில் தேயிலைக் கொழுந்தா என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என் மருமகன் அங்கதான் கட்டட வேலை செய்றாரு,” என்றாள் மூத்தவள். “கடல் நடுவுல சின்னத் தீவு. ஆறும் இல்ல, மலையும் இல்ல. குடிதண்ணியையே கவர்மெண்டு கடல்லருந்துதான் எடுக்குதாம். அங்க எப்படிடி தேயிலை வரும்?”

“ஏஜென்சிக்காரரு படம் காட்டுனாரே. மலை பூராவும் தேயிலை.”

“வேற என்ன இருந்துச்சு?”

“நம்ம தோட்டத்து லயம் மாதிரியே வரிசையா வீடுக இருந்துச்சு. மேல மாரியம்மன் கோயில்...” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“ஆமா, மால்டாக்காரன் மாதாவை விட்டுட்டு மாரியம்மாளைக் கும்புடுறான்!”

இளையவள் சிரிக்கவில்லை. ஹட்டனில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, தலவாக்கலை பஸ் எங்கே நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டாள்.