மாசம் ஒரு பம்பர்

— அப்போ எந்தக் கட்டத்துல டிக் போடட்டும்? ஏழு கட்டம் இருக்கு நண்பரே. இந்த ஆஸ்பத்திரி ஆலோசகர்ங்கிற முறையில, மூணு நாள் ஏசி ஹால்ல பயிற்சி எடுத்து, உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே நாங்க உருவாக்கின படிவம்.

— எனக்குப் படிவமெல்லாம் வேணாம் சார். அந்த பஸ் டிரைவர் கிடக்கிற வார்டுக்குள்ள அஞ்சு நிமிஷம் விட்டாப் போதும். தலையில அடிபட்டு நாலு நாளாச்சு. பெத்த பொண்ணையே யாருன்னு கேட்டாராம். என்னையாவது தெரியுதான்னு பார்க்கணும். நாளைக்குக் காலையில அவரோட மச்சினன் வந்து ஊரோட கூட்டிட்டுப் போறார். இனிமே ஸ்டியரிங் பக்கமே விடமாட்டாங்க.

— சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் அனுமதி. சிநேகிதர்னா கிடையாது. துணைவர்னா உண்டு, அது எங்களோட முற்போக்கான புது விதி. ஆனா அதுக்கு உங்க அடையாளத்தைப் பதிவு பண்ணியாகணும்.

— அடையாளமா? வலது கையில தீக்காயத் தழும்பு. வெல்டிங் வேலை சார்.

— ஐயோ, அந்த அடையாளம் இல்ல. உங்களுக்கு ஆண்கள் மேல ஈர்ப்பு உண்டா?

— ஆண்கள் மேலயா? பட்டறையில பதினோரு ஆம்பளை இருக்கான். ஒருத்தன் பக்கத்துலயும் மூக்கைப் பொத்தாம நிக்க முடியாது. எனக்கு இவர் ஒருத்தர்தான்.

— பெண்கள் மேல?

— வீட்டுல சம்சாரம், ரெண்டு பசங்க. அவளை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

— ஆக, ரெண்டும்! மூணாவது கட்டம்!

— மெதுவா சார், நர்ஸம்மா திரும்பிப் பார்க்குறாங்க. நாங்க அதுக்கு ஒரு பேரும் வச்சுக்கல. மாசம் ஒரு தடவை பஸ்ஸை எதுலயாவது லேசா இடிச்சு, முன் பம்பரோட வந்து நிப்பார். ஒட்டித் தருவேன். ஒரு ஒட்டுக்கு எவ்வளவு நேரமாகும்னு அவர் முதலாளிக்கு என்ன தெரியும்? பத்தொன்பது வருஷம் ஓடிருச்சு. கம்பெனியிலேயே உருப்படாத டிரைவர்னு பேரு. முதலாளிக்கு ஒண்ணுவிட்ட தம்பி, அதான் வேலை தப்பிச்சுது.

— வேணும்னே இடிப்பாரா? அப்போ இந்த விபத்து?

— எங்க பட்டறைச் சந்து முனைச் சுவர் சார். கண்ணு முன்ன மாதிரி இல்ல, கொஞ்சம் பலமா இடிச்சுட்டார். நான் பட்டறை வாசல்ல காத்துக்கிட்டு நின்னேன், சத்தம் கேட்டுச்சு… கட்டம்தானே? எதுல வேணா போடுங்க. ஏழுலயும் போட்டுக்கோங்க.

— இப்பதான் வழிக்கு வந்தீங்க. நோயாளியோட சம்மதமும் வாங்கணும், கேட்டுட்டு வர்றேன். அந்த பெஞ்சுல உட்காருங்க.

— வந்துட்டீங்களா சார்? என்ன சொன்னார்?

— மன்னிச்சுக்கோங்க நண்பரே. பக்கத்துல அவர் சம்சாரம் இருந்தாங்க. ‘எந்த வெல்டரையும் எனக்குத் தெரியாது, போகச் சொல்லுங்க’ன்னுட்டார். பாவம், மூளை இன்னும் தெளியல போல.

— நான் வெல்டர்னு நீங்க சொன்னீங்களா?

— இல்லியே. பார்க்க ஒருத்தர் வந்திருக்கார்னுதான் சொன்னேன்.

— அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க சார், நான் கிளம்புறேன். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு நாங்க பேசி வச்சது.