சோம்பேறிப் புல்

பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகில் மகளை மடியில் வைத்திருந்தேன். முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி.

“உங்களாலதாங்க வீட்டுப் புல்லு சோம்பேறியாப் போச்சு,” என்றாள் மனைவி.

ஒட்டுக்கேட்பது தப்புதான், இருந்தும் கேட்டேன்.

“தினமும் சாயந்தரம் தண்ணி விடுறேன்லா. அது குத்தமா?”

“மேலாக்க நனைச்சா வேர் எதுக்குக் கீழ போவும்? தொட்டாச்சிணுங்கிதான் பரவுது. நேத்து அதுல தவழ்ந்த நம்ம பாப்பாவுக்கு முட்டியெல்லாம் முள்ளு.”

அவன் குரல் இறங்கியது. “பேசாம சிமெண்டு போட்டுடலாமா?”

“போட்டு, வெயில்ல பிள்ளையை வறுக்கவா? வாரத்துல ரெண்டு நாள், காலையில, மண்ணுக்குள்ள இறங்குற மாதிரி விடுங்க. மழை பேஞ்சா வேணாம். உரமும் கொஞ்சங்கொஞ்சமா போடணும். புல்லு அடர்த்தியானா முள்ளுக்கு இடம் ஏது?”

“உரம் போட்டேனே.”

“எங்க?”

“நல்லா பச்சையா இருந்த பக்கம்.”

“ஐயோ, அதுதாங்க முள்ளு!”

இருவரும் சிரித்தார்கள். ஃபெரி கரையை நெருங்கியது.

“பாப்பா நடக்குறதுக்குள்ள சரியாயிடுமா?” என்றான்.

“இன்னும் நிக்கவே இல்லையே, நேரம் இருக்கு. வீட்டுக்குப் போனதும் முள்ளை வேரோட புடுங்குவோம். உங்க கையப் புடிச்சு அவ நடக்குறப்ப செருப்பே வேணாம்.”