நேர்ச்சைச் சேவல்

எனக்குக் கீரை பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நாக்குக்கு அடிமை என்று முகையூர் வரைக்கும் பேச்சு போயிருக்கிறதாம்.

என் பெயர் அலெக்ஸ். எங்கள் ஊர் அந்தோணியார் கோவிலில் உபதேசியார். சாமியார் வராத நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், சனங்கள் நேர்ந்துவிடும் ஆடு கோழிகளை ஈஸ்டர் ஏலம் வரைக்கும் என் வீட்டில் கட்டித் தீனி போடுவதும் என் வேலை. விபூதிப் புதனன்று, தவக்காலம் முடியும்வரை கவுச்சி தொடமாட்டேன் என்று பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். கேட்டவர்கள் என்னைவிட அதிகமாக நம்பினார்கள்.

அந்த வாரமே அன்புச்செல்வி ஒரு சேவலோடு வந்தாள். அவள் மகள் தமிழ்மொழிக்குத் தலைப்பிரசவம். ஏதோ சிக்கல் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"உங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன் உபதேசியாரே. எம்பொண்ணு உசுரே இதுலதாங்க கீது" என்றாள்.

நல்ல சேவல். தொடை கெட்டியாக இருந்தது. எவ்வளவு தீனி வைக்கலாம் என்று பார்ப்பதற்காகத்தான் தொட்டேன்.

சோதனை வந்தால் செபிக்க வேண்டும். செபித்தேன். கண்ணை மூடினால் கூவியது. ஆண்டவரைத் தெரியாது என்று அவர் சீடர் இராயப்பர் மறுதலித்தபோது கூவிய இனமல்லவா? நீயும் விழுவாய் என்று என்னிடம் சொல்வதாகவே பட்டது. உள்ளபடியே பயந்துபோனேன். பெரிய வெள்ளியன்று விழுந்துவிட்டால்? ஊரே ஒருவேளை மட்டும் உண்டு, கவுச்சி விலக்கி, ஒருசந்தியும் சுத்தபோசனமும் காக்கிற நாளில் உபதேசியார் வீட்டுச் சட்டியில் கறி வெந்தால் ஊர் தாங்காது.

அப்போதுதான் ஞானோபதேச வகுப்பில் நானே கற்பித்தது நினைவுக்கு வந்தது. தவக்காலக் கணக்கில் ஞாயிறு சேராது. அது உயிர்ப்பின் நாள். வெள்ளியில் பாவமாகப் போகிற காரியத்தை ஞாயிறிலேயே முடித்துவிட்டால், அது பாவமாவதற்கே வழியில்லை. இதைவிடப் பத்திரமான யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

போன ஞாயிறு என் மனைவி சித்ரா திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கு எடுத்து வைக்கவில்லை. அடுத்தவரைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது. முழுப் பாரத்தையும், கழுத்தெலும்பு உட்பட, நானே சுமந்தேன்.

இறகுகளைப் பக்கத்து வீட்டு வெங்கடாசலத்தின் மல்லாட்டைக் கொல்லையில் போட்டேன். நிலத்துக்கு நல்லது. அவருடைய நாய் அங்கேதான் படுக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அந்த நேரத்தில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறகைப் பார்த்த அன்புச்செல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நேர்ந்துவுட்ட சேவலு பூடுச்சே, எம்பொண்ணுக்கு இன்னா ஆவுமோ" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். எனக்கும் அழுகை வந்தது. அவளோடு முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னேன். நாயை மன்னித்துவிடும்படியும் சொன்னேன்.

வெங்கடாசலம் வேறு சாமி கும்பிடுகிறவர் என்றாலும் மானஸ்தர். நாயைப் பெருமுக்கல்லில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டெம்போவில் ஏற்றும்போது அது என்னையே பார்த்துக்கொண்டு போனது. வாயில்லாத ஜீவன், பாவம். அது ஒரு வகையில் நிம்மதிதான்.

மறுநாள் அவரே ஒரு சேவலைக் கொண்டுவந்தார். "எங்க நாயி பண்ண தப்புங்க. உங்க சாமி கோச்சுக்கக் கூடாது. இத்த வெச்சிக்குங்க" என்றார். அன்புச்செல்வி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் என் கையில்தான் கொடுத்தாள். அவளுக்காக அழுதவன் நான் ஒருவன்தானே. தமிழ்மொழிக்கு இன்றோ நாளையோ வலி எடுக்கும் என்கிறார்கள். இந்தச் சேவல் பத்திரமாக இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் அன்புச்செல்வி விழுப்புரத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பிடித்ததும் அறுத்ததும் தின்றதும் நான்தான். நாய் நிரபராதி. ஊரில் இதைச் சொன்னால் சனங்களின் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

புதுச் சேவல் பழையதைவிடக் கனம். இதோ கூவுகிறது. இப்போது எனக்குப் பயமே இல்லை. ஒருமுறை வென்றவனுக்குச் சோதனை பழகிவிடுகிறது. நாளை குருத்தோலை ஞாயிறு. சித்ராவைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிட்டேன். கொஞ்சம் மிளகு அரைத்து வைத்திருக்கிறேன். அது ரசத்துக்கு.