ஏழாவது டப்பா

கண்டக்டர்: குளிக்கவா வந்திருக்கோம்? எதுக்கு மாப்ள மூணு காலி பெயின்ட் டப்பா?

தச்சர்: இருக்கட்டும் மச்சான். ஆளுக்கு ஒண்ணு.

கண்டக்டர்: அதான் எதுக்கு?

தச்சர்: மீன் போட.

வாத்தியார்: நாலு மணி நேரமா நாம புடிச்ச மீன ஒரு தீப்பெட்டிக்குள்ள போடலாம்டா.

கண்டக்டர்: எப்படிக் கெடைக்கும்? வந்தவன் எல்லாம் கடைசித் தீவுக்கு அந்தப் பக்கம் ஆழத்துல நிக்கிறான். நம்மாளு இடுப்பளவு தண்ணில நங்கூரம் போட்டிருக்காரு. எறங்கி நடந்து போய் மீன் காதப் புடிச்சுத் தூக்கிட்டு வந்துரலாம்.

தச்சர்: முதல் பயணம். ஆழத்துக்கெல்லாம் அடுத்த வாட்டி.

கண்டக்டர்: சரி, தீவுலயாவது எறங்கிப் படுப்போமா?

தச்சர்: பறவைங்க முட்ட போடுற காலம். எறங்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கு. அதுவும் இல்லாம...

வாத்தியார்: அதுவும் இல்லாம?

தச்சர்: நான் செஞ்ச படகுடா. ஒரு ராத்திரி இதுல படுக்கணும்.

கண்டக்டர்: ரெண்டு வருஷம் என் தங்கச்சி வீட்டு வாசல அடச்சுக்கிட்டு நின்னுச்சு. அவ ஈரத்துணிய இதுமேல காயப் போட்டதுக்கு இவரு ரெண்டு நாள் சாப்பிடல.

தச்சர்: ரெண்டு வருஷம் நாலு மாசம். ஈரம் பட விடுவேனா? தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு சொட்டு படாம வெச்சிருந்தேன்.

வாத்தியார்: காலைல படகுத்துறைல ஒருத்தன் கேட்டானே, "அலமாரி மிதக்குமா"ன்னு...

கண்டக்டர்: நான் விட்டேனா? "அலமாரிதான்யா, பூட்டு போட்டு ஓட்டிட்டுப் போறோம், நீ தள்ளி நில்லு. என் மாப்ள கையால செஞ்சது"ன்னேன். வாயடைச்சுப் போயிட்டான்.

தச்சர்: கேட்டுச்சு. துறைக்கே கேட்டுச்சு. பஸ்ல கத்துற மாதிரியே கத்துன.

வாத்தியார்: ஆனா அவ்வளவு பேரும் நாளைக்கு நாம திரும்புறதப் பாக்கத்தான் நிப்பாங்க.

தச்சர்: நிக்கட்டும். நீ அந்த லெட்டர எழுதிட்டியா?

வாத்தியார்: பையில இருக்கு. "இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்தில் மரச்சாமான் பிரிவில்..." எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி.

தச்சர்: நாளைக்குப் போடுறேன். படகு போய்ட்டு வந்துட்டா போடுறேன். திங்கக்கெழம மேனேஜர் மேசைல வெச்சுட்டு வந்துருவேன். இனிமே அலமாரி கெடையாது, கட்டில் கெடையாது. படகுதான்.

கண்டக்டர்: வீட்ல சொல்லிட்டியா மாப்ள?

தச்சர்: சொன்னேன். "மொதல்ல அது மிதக்குதான்னு பாத்துட்டு வா"ன்னா.

கண்டக்டர்: என் தங்கச்சி ஆச்சே.

தச்சர்: சரி, நான் மேல் பலகைல படுக்குறேன். நீங்க தூண்டிலப் பாத்துக்கிட்டு இருங்க.

.

கண்டக்டர்: வாத்தியாரே...

வாத்தியார்: ம்.

கண்டக்டர்: உனக்குக் கால் நனையுதா?

வாத்தியார்: வர்றப்ப தெறிச்ச அலை. உள்ளயே நிக்குது.

கண்டக்டர்: அலை தெறிச்சது சாயங்காலம். இப்பக் கணுக்காலுக்கு வந்துருச்சு.

வாத்தியார்: ...டார்ச்ச அடி. மெதுவா. அவன் மூஞ்சில அடிக்காத. கீழ... அந்த ரெண்டு பலகை சேர்ற எடத்துல.

கண்டக்டர்: வருது.

வாத்தியார்: ஆமா.

கண்டக்டர்: இங்கயும். இங்க பாரு, இங்கயும். எங்க பஸ்ல மேல இருந்து ஒழுகும். இதுல கீழ இருந்து ஒழுகுது.

வாத்தியார்: மெதுவாப் பேசு.

கண்டக்டர்: எழுப்பவா?

வாத்தியார்: குறட்டை விடுறான் பாரு. இவ்வளவு நிம்மதியா இவன் தூங்கி நான் பாத்ததில்ல. கவுந்தாலும் இடுப்பளவு தண்ணிதான், சாக மாட்டோம். டப்பாவ எடு.

கண்டக்டர்: பெயின்ட் டப்பாவா?

வாத்தியார்: வேற என்ன இருக்கு? மோந்து ஊத்தாத, சத்தம் வரும். வெளிய கொண்டு போய்ச் சாய்ச்சு விடு.

கண்டக்டர்: மீன் போட டப்பா கொண்டாந்தான் பாரு, புண்ணியவான்...

.

கண்டக்டர்: எவ்வளவு நேரமா அள்ளுறோம்?

வாத்தியார்: ரெண்டு மணி நேரம் இருக்கும்.

கண்டக்டர்: தோள்பட்டை கழண்டுருச்சு. நான் ஒண்ணு சொல்லவா? காலைல இவன் எழுந்து, "பாத்தியா மச்சான், காஞ்சு கெடக்கு"ம்பான். நாமளும் ஆமாம்போம். திங்கக்கெழம போய் வேலைய விட்டுருவான். அப்புறம்?

வாத்தியார்: அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே அள்ளுறேன்.

கண்டக்டர்: ஒழுகுற படகு செய்யுற ஆள நம்பி என் தங்கச்சி உக்காந்திருக்கணும். மறைக்கிறது தப்பு.

வாத்தியார்: சொன்னா மனசு விட்டுப் போயிரும். இனிமே உளியத் தொட மாட்டான். இந்தப் பலகைய எப்படி வளச்சிருக்கான்னு தடவிப் பாரு. ஆணி தலை ஒண்ணு கையில தட்டுதா?

கண்டக்டர்: தடவுனேன். வழுவழுன்னு இருக்கு. அதான் எனக்கு அழுகையா வருது.

வாத்தியார்: லெட்டர ஒரு மாசம் தள்ளிப் போட வைப்போம். அதுக்குள்ள பக்குவமாச் சொல்லிக்கலாம்.

கண்டக்டர்: பக்குவமாச் சொல்றதெல்லாம் நீ. எனக்கு வராது.

வாத்தியார்: நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்.

கண்டக்டர்: ...அள்ளு.

வாத்தியார்: அள்ளிக்கிட்டுத்தான இருக்கேன்.

.

கண்டக்டர்: வாத்தியாரே, கொறஞ்சிருக்கா? இல்ல எனக்குக் கண்ணு கட்டுதா?

வாத்தியார்: கொறஞ்சிருக்கு. டப்பா நெரம்ப மாட்டேங்குது.

கண்டக்டர்: நாம அள்ளுன அள்ளுல கடலே வத்திருச்சோ என்னவோ.

வாத்தியார்: கெழக்கால வெளுக்குது. டப்பாவத் தொடச்சு இருந்த எடத்துல வை. கண்ண மூடிப் படு.

.

தச்சர்: எந்திரிங்கடா! விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! மச்சான், கீழ கைய வெச்சுப் பாரு.

கண்டக்டர்: ...வெச்சேன்.

தச்சர்: எப்படி இருக்கு?

கண்டக்டர்: காஞ்சு கெடக்கு.

தச்சர்: வாத்தி, நீ?

வாத்தியார்: ஆமாடா. நல்லா இருக்கு.

தச்சர்: என்னடா ரெண்டு பேரும் கண்ணெல்லாம் செவந்து போய்க் கெடக்கீங்க? தூங்கலையா?

கண்டக்டர்: கொசு.

தச்சர்: நடுக்கடல்லயா?

வாத்தியார்: பறவைங்க சத்தம்டா. விடு.

தச்சர்: சரி, லெட்டர எடு. கரை தெரியுறதுக்கு முன்னாடி கையெழுத்து போட்டுர்றேன்.

வாத்தியார்: அது... ஒரு மாசம் போகட்டுமே. அவசரம் என்ன?

தச்சர்: நேத்து எழுதிட்டேன்னு சொன்ன.

வாத்தியார்: எழுதுனேன். ஆனா... நனைஞ்சு போச்சுடா.

தச்சர்: நனைஞ்சு போச்சா?

வாத்தியார்: ம்.

தச்சர்: படகுதான் காஞ்சு கெடக்குதே. லெட்டர் எப்படி நனைஞ்சுது?

கண்டக்டர்: பக்குவமாச் சொல்றேன்னு சொன்னியே, சொல்லு.

வாத்தியார்: நீ சும்மா இரு.

கண்டக்டர்: என்னால முடியாதுய்யா! மாப்ள, கோவிச்சுக்காத. ராத்திரி பூரா ஒழுகுச்சு. நானும் இவனும் உக்காந்து டப்பா டப்பாவா அள்ளிக் கொட்டுனோம். நீ குறட்டை விட்டுத் தூங்குன. எழுப்ப மனசு வரல. உன் படகு உலகத்துலயே அழகான படகு. நான் எவன்கிட்டயும் சத்தியம் பண்ணுவேன். ஆனா ஒழுகுது. வேலைய விட்டுறாத.

தச்சர்: குறட்டையா விட்டேன்?

கண்டக்டர்: நல்லா விட்ட.

தச்சர்: அத நாலு மணி நேரம் விட்டு எனக்குத் தொண்டை புண்ணாப் போச்சு மச்சான்.

வாத்தியார்: ...என்னடா சொல்ற?

தச்சர்: அலமாரிக்கு மரம் காயணும். படகுக்கு மரம் ஊறணும். ரெண்டு வருஷமா அலமாரிக்காரன் புத்தியோட ஒரு சொட்டு படாம மூடி வெச்சு, பலகை அத்தனையும் காஞ்சு சுருங்கிப் போச்சு. போன வாரம்தான் உறைச்சுது. மூணு நாள் தண்ணில போட்டு ஊற விட்டிருக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் இந்த ஒரு நாள்தான் லீவு. ஒழுகும்னு சொல்லியிருந்தா ஏறியிருப்பீங்களா? அதான் டப்பா எடுத்து வெச்சேன். அதான் இடுப்பளவு தண்ணில நிறுத்துனேன். ஊறி உப்பிப் பலகை ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துட்டா, நான் இழைச்சது சரி. சேரலன்னா, நானே அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டிருப்பேன். மேல படுத்துக்கிட்டு, டப்பா உரசுற சத்தத்த எண்ணுனேன். முதல் மணி நேரம் முந்நூத்திப் பத்து. அடுத்தது நூத்தித் தொண்ணூறு. அப்புறம் எழுபது. கடைசி ஒரு மணி நேரத்துல ஆறே ஆறு. ஏழாவது டப்பா எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக்கிட்டே கெடந்தேன்... வரல. அதுக்கப்புறம்தான்டா நான் தூங்குனேன். இப்ப அந்த நனையாத லெட்டர எடு.