அடுப்புக் கதவுக்கு எந்தப் பசை

இல்ல டெல்பர்ட், என்னைப் பேச விடு. நீ இந்தக் கடையில நிக்குறது எதுக்கு? அன்னைக்கு ஒரு பசை கேட்டு வந்தவனுக்கு மூணு ட்யூப்பை எடுத்து நீட்டினியே, அவன் என்ன ஆவான்? சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, சாம்பல் ஒண்ணு. ஐநூறு டிகிரி தாங்குமாம், ஆயிரம் தாங்குமாம், ரெண்டாயிரமாம்! நான் என்ன வீட்டுல இரும்பா உருக்குறேன்?

லூசில் அவ அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாச்சு. தெரியாத மாதிரி பாக்காதே, ஊருக்கே தெரியும். விறகடுப்புக் கதவைச் சுத்தி ஒரு கயிறு இருக்கும்ல, அது நைஞ்சு போய் வீடெல்லாம் புகை. சர்ச்சுல பக்கத்துல இருந்தவ மூக்கைப் பொத்திக்கிட்டாளாம். "நான் உன் பொண்டாட்டியா, புகையில தொங்கவிட்ட பன்னித்தொடையா ஆர்மண்ட்? கசிவை அடை, அப்புறம் வரேன்"னு பெட்டியைத் தூக்கிட்டா.

குளியல் ரூமுக்கு வாங்கின வெள்ளைப் பசை வீட்டுல கெடந்துது. அதுவே போதும்னு... ஆமாப்பா ஆமா, தெரியும்! மூணாவது கட்டை போட்டதும் உருகி, ச்சீ, என்னா நாத்தம்! நாய் எந்திரிச்சுப் போய்ப் பனியில படுத்துக்கிச்சு.

அப்புறந்தான் நீ புதுக் கயிறும் அதை ஒட்டக் கறுப்புப் பசையும் கொடுத்தே. கொடுத்துட்டு வாயை மூடிட்டு இருந்தியா? மெல்லிசா ஒரு கோடு போடு, ஒரு நாள் காயட்டும், கதவை மூடுறதுன்னா நடுவுல மெழுகுத்தாள் வை... யோவ், நாப்பது வருசமா அடுப்பு எரிக்கிறவன்யா நான்! மெல்லிசா கோடு போட இதென்ன பிறந்தநாள் கேக்கா? ட்யூப்பை முழுசாப் பிதுக்கினேன்.

என்னது? ஒட்டலேன்னு நான் எப்போ சொன்னேன்?

கயிறு மாத்தினா டாலர் வச்சுப் பாக்காம இருப்பாங்களா, நீயே சொல்லு. கதவிடுக்குல ஒரு டாலர் தாளை வச்சு மூடி இழுக்கணும். உருவிக்கிட்டு வந்தா கசியுது, வரலேன்னா கெட்டி. வச்சேன், மூடினேன், கொஞ்சம் இறுகட்டுமேன்னு போய்ப் படுத்துட்டேன். காலையில இழுக்கறேன், ம்ஹூம்! அடுப்புல காலை முட்டுக் கொடுத்து இழுக்கறேன், அசையல! சந்தோஷம் தாங்கல. உடனே லூசிலுக்குப் போன் போட்டேன். "கண்ணு, டாலர் வரல, நீ வந்துடு"ன்னேன். அழுதுட்டா டெல்பர்ட். நானும்தான். அவ இல்லாம அந்த வீடு வீடாவே இல்லப்பா.

அப்புறந்தான் விறகு வைக்கலாம்னு கைப்பிடியைத் திருகினேன்.

ஏய், சிரிக்காதே! வெளியில மைனஸ் இருபது, அந்த அடுப்பை விட்டா வீட்டுல வேற சூடு கெடையாது. நாலு மணி பஸ்ஸுல வந்து எறங்கறா. நான் அவகிட்ட பொய் ஒண்ணும் சொல்லலியே... டாலர் வரலதானே? கதவும் வரல, அவ்வளவுதான்.

இதைப் பிரிக்க ஏதாச்சும் இருக்கா, சொல்லு. உளியோ, மருந்தோ... என்ன? உள்ளாற நல்லாத் தீ மூட்டினா எளகுமா?

எந்தக் கதவு வழியாய்யா மூட்டுவேன்!